எல்லோருடைய பையும் அம்மம்மாவின் தோளில்

பாடசாலை விடுமுறை தொடங்கினால் ஒக்லாந்தில் உள்ள எம்மவர் வீடுகளில் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி ஒன்றுதான். "எப்ப ரெயின்போஸ் எண்டுக்குப் போறது?" மனுக்காவில் 1982 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தக் களியாட்டப் பூங்காவுக்கு ஒரு தடவையேனும் போகாத தமிழ்க் குடும்பத்தை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். மவுண்ட் ரொஸ்கிலில் இருந்தும் சண்ட்ரிங்ஹாமில் இருந்தும் காரை நிறைத்துக்கொண்டு புறப்படுகிறோம். 2012 இல் மனுக்காவுக்கு ரயில் வந்த பிறகு ரயிலில் போகிறவர்களும் உண்டு. எதில் போனாலும் கூடவே ஒரு பெரிய பையும் போகிறது. இம்முறை எமது சுகாதாரப் பக்கத்தில் அந்தப் பையைப் பற்றித்தான் எழுதப் போகிறோம்.

சீனி, கொழுப்பு, இரத்த அழுத்தம் என்று எழுத எத்தனையோ இருக்க, பையைப் பற்றி என்ன எழுத இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

சென்ற கோடை விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்து எங்களுடன் நின்றார். வயது 68, பதினைந்து வருடமாக நீரிழிவு. நத்தார் முடிந்த கையோடு ஒருநாள் பிள்ளைகள் மூவரையும் அவரையும் கூட்டிக்கொண்டு ரெயின்போஸ் எண்டுக்குப் போனோம். வழக்கம்போல ஒரேயொரு பை. அதுவும் தோளில் மாட்டும் நீண்ட பிடியுள்ள சூப்பர்மார்க்கெட் துணிப்பை. 2019 யூலை முதலாம் திகதி கடைகளில் பிளாஸ்டிக் பை கொடுப்பது தடைசெய்யப்பட்ட நாளிலிருந்து இப்படிப்பட்ட துணிப்பைகள் எல்லோர் வீட்டிலும் குவிந்து கிடக்கின்றன. எங்கே போவதானாலும் கைக்கு முதலில் அகப்படுவது அதுதான்.

பெரியவர்கள் இரண்டு பேரையும் கோர்க்ஸ்குரூ ரோலர் கோஸ்டர் வரிசைக்கு ஒருவர் கூட்டிப் போனோம். சின்னவளை மற்றவர் குழந்தைகள் பக்கத்துச் சவாரிகளுக்குக் கூட்டிப் போனோம். ஒன்றிலும் ஏறாதவர் அம்மா ஒருவர்தானே. ஆகவே பை அவரிடம். "கீழே வையுங்கோ அம்மா" என்றால், "வேண்டாம், ஆரும் தூக்கிக்கொண்டு போயிடுவினம்" என்பார். காரணம் பிறகுதான் தெரிந்தது. கடவுச்சீட்டை வீட்டில் வைத்துவிட்டு வர மனமில்லாமல் அதையும் பைக்குள் வைத்திருந்தார். பிள்ளைகள் ஓடும் இடமெல்லாம் பையோடு பின்னால் நடந்தார். ஐந்து மணித்தியாலம், வலது தோள் ஒன்றிலேயே. நாங்கள் இரண்டு பேரும் ஒருதடவையாவது "தாருங்கோ" என்று வாங்கினோமா என்று இப்போது யோசித்தால் நினைவில்லை. அநேகமாக வாங்கவில்லை.

மூன்று கிழமை கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. குளித்துவிட்டு வந்த அம்மா, கொண்டை கட்டக் கை உயரவில்லை என்று பேத்தியைக் கூப்பிட்டார். இரவில் வலது பக்கம் சரிந்து படுக்க முடியாமல் பல நாட்களாக இருந்ததாம். "உங்களுக்கு ஏன் கரைச்சல் எண்டு சொல்லேல்லை." எல்லா வீட்டு அம்மாக்களும் சொல்வதுதான் இது.

அன்றிரவு ஒரு வேலை செய்து பார்த்தோம். அன்று கொண்டுபோன சாமான்களை அதே துணிப்பையில் மறுபடி அடுக்கிக் குளியலறைத் தராசில் வைத்தோம். 600 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் ஆறு, அதாவது 3.6 கிலோ. புட்டு, சம்பல், றோல்ஸ், பழங்கள் என்று சாப்பாட்டுப் பெட்டிகள் 2 கிலோ. பிள்ளைகளின் ஜாக்கெட்டுகள் ஒன்றரைக் கிலோ. மாற்றுடுப்பு, சன்ஸ்கிரீன், ஈரத் துடைப்பான்கள் 900 கிராம். மருந்துப் பையும் கடவுச்சீட்டும் சில்லறைச் சாமான்களும் 400 கிராம். மொத்தம் 8.4 கிலோ. எயர் நியூசிலாந்து விமானத்தில் சாதாரண வகுப்பில் கைப்பொதியாக 7 கிலோவுக்கு மேல் அனுமதி இல்லை. விமானத்தில் அனுமதியில்லாத பாரத்தை, 54 கிலோ எடையுள்ள ஒரு வயதான மனுஷியின் ஒற்றைத் தோளில் நாள் முழுக்க ஏற்றியிருக்கிறோம்.

குடும்ப வைத்தியர் தோள்மூட்டு இறுக்கம் என்றார். ஆங்கிலத்தில் 'ஃபுரோசன் ஷோல்டர்' என்பார்கள். தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகிவிடும். முதலில் வலி, பின்னர் கை எப்பக்கமும் திரும்பாத இறுக்கம், அதன் பின் மெல்ல மெல்லத் தளர்வு என்று போகும். முழுதும் சரியாக ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் கூடச் செல்லலாம். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடமும், ஆண்களை விடப் பெண்களிடமும் அதிகம் காணப்படுவது. நீரிழிவு உள்ளவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு. பைதான் காரணம் என்று வைத்தியர் சொல்லவில்லை. நீரிழிவுக்காரருக்கு எந்தக் காரணமும் இல்லாமலே இது தொடங்கலாம், ஏற்கனவே தொடங்கியிருந்ததை அந்த நாளின் பாரம் வெளிக்கொண்டு வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். அம்மாவும் "பையாலை இல்லை, வயசாலை" என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார். பையின் மீது முழுப் பழியையும் போட நாங்களும் விரும்பவில்லை. ஆனால் நோகும் தோளில் எட்டரைக் கிலோவைத் தொங்கவிட்டது நாங்கள்தான்.

இதை வைத்து நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்று. குடும்பத்துக்கு ஒரு பெரிய பை என்ற எம்மவரின் வழக்கம் உடம்புக்கு ஆகாதது. அந்தப் பை எப்போதும் சவாரியில் ஏறாத ஒருவரிடமே போய்ச் சேருகிறது. ஊரிலிருந்து வந்து நிற்கும் அம்மம்மா, அப்பம்மா, அல்லது வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் மருமகள், இல்லையென்றால் தாய். தகப்பன்மார் கமராவைத் தூக்குவார்கள், இப்போது அதுவும் கைத்தொலைபேசியாகிச் சட்டைப்பைக்குள் போய்விட்டது. கோபிக்க வேண்டாம். அடுத்த தடவை வரிசையில் நிற்கும்போது சுற்றிவரப் பாருங்கள். எமது ஆட்கள் மட்டுமல்ல, எல்லா இனத்துக் குடும்பங்களிலும் பையோடு வாங்கில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரியும்.

ஒற்றைத் தோளில் பாரம் தொங்கும்போது என்ன நடக்கிறது? பை சரிந்து விழாமல் இருக்க நாம் அறியாமலே அந்தத் தோளைக் காதுப் பக்கமாக உயர்த்திப் பிடிக்கிறோம். கழுத்தையும் தோளையும் இணைக்கும் தசை ஓய்வில்லாமல் இறுகி நிற்கிறது. பாரத்தைச் சமன் செய்ய முதுகெலும்பு மறுபக்கம் வளைகிறது. நடக்கும்போது அந்தக் கை வீச முடிவதில்லை. மெல்லிய பட்டியென்றால் தோளின் மேற்பகுதியில் உள்ள நரம்புகளை அழுத்தி விரல்கள் விறைக்கவும் கூடும். அரை மணி நேரம் கடைக்குப் போய் வருவதற்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் பூங்காவில் ஒரு நாள் என்பது கடைக்குப் போவது போலல்ல. நடையை விட நிற்பதுதான் கூட. வரிசையில் நிற்கும்போது பாரம் ஒரே இடத்தில் அசையாமல் தொங்கும்.

எங்கள் பாட்டிமார் கடகத்தைத் தலையில் வைத்துச் சந்தைக்குப் போனார்களே, அவர்களுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தலையில் வைத்த பாரம் முதுகெலும்புக்கு நேர் மேலே நிற்கிறது, ஒரு பக்கம் இழுப்பதில்லை. கிழக்கு ஆபிரிக்கப் பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமந்து நடக்கும்போது மேலதிகச் சக்தி செலவாகவில்லை என்று 1986 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆனால் அது சிறுவயது முதல் பழகிய உடம்பு. மலையகத்தில் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் சுமக்கும் பெண்களைக் கேட்டால் கழுத்து வலியைப் பற்றிச் சொல்வார்கள். பழகியவர்களுக்கும் பாரம் பாரம்தான். பழகாத நாம் மனுக்காவில் தலையில் கடகம் வைத்து நடக்கப் போவதில்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது, பாரம் உடம்பின் நடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்பது.

இரண்டு பட்டியுள்ள முதுகுப்பை இதனால்தான் நல்லது. அதையும் ஒரு தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் வாங்கியதில் பயனில்லை. கடையில் பார்க்கும்போது முதலில் பட்டிகளைப் பாருங்கள். இரண்டு விரல் அகலமாவது இருக்க வேண்டும், உள்ளே மெத்தை இருக்க வேண்டும். விளம்பரத்துக்கு இலவசமாகத் தரும் கயிற்றுப் பைகள் எங்கள் வீட்டிலும் ஏழெட்டுக் கிடக்கின்றன. அந்தக் கயிறு தோளை அறுக்கும், வெறும் துவாய் ஒன்று கொண்டுபோக மட்டும் சரி. பையின் அடி இடுப்போடு நிற்க வேண்டும். பிருஷ்டத்தில் வந்து இடிக்கும் பை உங்களைப் பின்னால் இழுக்கும், அதைச் சமாளிக்க நீங்கள் கழுத்தை முன்னால் நீட்டுவீர்கள். நெஞ்சுக்குக் குறுக்கே பூட்டும் சிறு பட்டி இருந்தால் பெண்களுக்கு மிகவும் உதவி. சுரிதார் சால்வையோ சேலையோ உடுத்தியிருக்கும்போது பட்டி வழுக்கி இறங்குவது நின்றுவிடும். இடுப்புப் பட்டியும் இருந்தால் பாரத்தில் ஒரு பகுதி தோளை விட்டு இடுப்பெலும்புக்குப் போகும். மலையேறுபவர்களின் பைகளில் இதைக் காணலாம். பூங்காவுக்கு அவ்வளவு தேவையில்லை, பை சிறிதாக இருந்தால்.

சிறிதாக என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 30 லீற்றர் பை வாங்கினால் 30 லீற்றருக்கும் சாமான் வந்து சேரும். எமது சனங்களின் கையில் இடமிருக்கும் பையைக் கொடுத்தால் "இதையும் வைப்பம், உதவும்" என்று ஒரு பக்கெட் மிக்சராவது உள்ளே போகும். பெரியவர்களுக்கு 15 லீற்றர் போதும். தோல் பையும் சக்கரம் வைத்த பையும் வெறுமையாகவே பாரமானவை. விலை கூடியது நல்லது என்றும் இல்லை.

எவ்வளவு பாரம் சரி? பிள்ளைகளின் பாடசாலைப் பைக்கு உடல் எடையில் பத்திலொன்று என்பது பரவலாகச் சொல்லப்படும் எல்லை. இந்திய அரசு 2020 இல் வெளியிட்ட பாடசாலைப் பைக் கொள்கையிலும் அந்தப் பத்து வீதம்தான். இங்கே நிலைமை எப்படி என்று பார்த்தால், நியூசிலாந்து உயர்நிலைப் பாடசாலை மாணவர் பற்றி 2001 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மூன்றாம் படிவப் பிள்ளைகள் தம் எடையில் சுமார் 13 வீதத்தைச் சுமந்ததாகக் கண்டார்கள். பெரியவர்களுக்குக் கல்லில் எழுதிய அளவு எதுவும் இல்லை. ஆனால் அறுபது கடந்தவர், தோள்வலி உள்ளவர், எலும்புத் தேய்வு உள்ளவர், கர்ப்பிணி ஆகியோருக்குப் பத்து வீதத்தையும் நாங்கள் கூடுதலென்றே நினைக்கிறோம். எங்கள் அம்மா சுமந்தது 15 வீதத்துக்கும் மேல்.

தண்ணீர்தான் பாரத்தில் பாதிக்குக் கிட்ட என்பதைத் தராசு காட்டியது. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ, அதில் விவாதமில்லை. ஒக்லாந்தின் குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம். ஊரில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் போத்தலில் எடுத்துப் போன பழக்கம் இங்கேயும் எங்களை விடவில்லை. ஒவ்வொருவருக்கும் அரைவாசி நிரப்பிய ஒரு சின்னப் போத்தல், முடிய முடிய நிரப்புவது. இவ்வளவு போதும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தயிர்ச்சோறும் புட்டும் பைக்குள் வெயிலில் நாலைந்து மணித்தியாலம் கிடப்பது தோளுக்கு மட்டுமல்ல, வயிற்றுக்கும் கூடாது. சமைத்த சோற்றில் வளரும் ஒருவகைப் பக்டீரியா சூடாக்கினாலும் அழியாத நஞ்சை உண்டாக்கும். பழுதாகக்கூடிய உணவை வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்றுதான் இந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆலோசனையும் சொல்கிறது. ஆகவே மத்தியானச் சாப்பாட்டை ஐஸ் கட்டியோடு சில்லி பின்னில் போட்டுக் காரிலேயே விட்டுவிடுங்கள். வெளியே போய் மறுபடி உள்ளே வரலாமா என்பதை வாசலில் முதலே கேட்டுக்கொண்டால், நடுப்பகலில் போய்ச் சாப்பிட்டு வரலாம். பைக்குள் பழம், பிஸ்கட், கடலை மட்டும் போதும்.

ஜாக்கெட்டை விட்டுவிட்டுப் போகச் சொல்ல எங்களுக்குத் தைரியமில்லை. ஒக்லாந்து வானம் எல்லோருக்கும் தெரியும், ஒரே நாளில் நாலு பருவமும் வரும். ஆனால் அவரவர் ஜாக்கெட்டை அவரவர் இடுப்பில் கட்டிக்கொள்ளலாமே. சன்ஸ்கிரீன் கட்டாயம் வேண்டும். கோடையில் இங்கு புற ஊதாக் கதிரின் அளவு 11, 12 என்று ஏறும், 3 ஐத் தாண்டினாலே பாதுகாப்புத் தேவை என்பார்கள். கறுத்தத் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று இருப்பதும் சரியல்ல. ஆனால் குடும்பப் பெரும் போத்தலைக் காவாமல் சின்னக் குழாய் ஒன்றில் கொண்டு போகலாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மறுபடி பூச அது போதும்.

பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று இவ்வளவும் சொன்னாலும், ஒன்றை மட்டும் யாரும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. அது மருந்து. அதையும் பொதுப் பையில் போடக் கூடாது. ஆஸ்துமா உள்ள பிள்ளை ஒரு மூலையில் வரிசையில் நிற்க, இன்ஹேலர் மறு மூலையில் அம்மம்மாவின் பையில் இருந்தால் என்ன பயன்? நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களும் சீனியைக் குறைக்கும் சில குளிசைகளை எடுப்பவர்களும் நாள் முழுக்க நடக்கும்போது சீனி சட்டென்று இறங்கலாம். குளுக்கோஸ் வில்லைகளோ நாலைந்து இனிப்போ அவர்கள் உடம்பிலேயே இருக்க வேண்டும். இதற்கு இடுப்பில் கட்டும் சின்னப் பை மிக வசதி. இங்கே 'பம்பேக்' என்று சொல்வார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது என்று எங்கள் மூத்தவன் கட்டமாட்டேன் என்றான். பிறகு அதுவே இப்போது நாகரிகம் என்று நண்பர்கள் சொல்லியிருக்க வேண்டும், தானே கேட்டு வாங்கினான். இன்சுலினை வெயிலில் நிற்கும் காருக்குள் விடவே கூடாது. தண்ணீரில் நனைத்துப் பாவிக்கும் குளிர்ப் பைகள் இருக்கின்றன, மருந்துக்கடையில் கேளுங்கள்.

சரி, சவாரியில் ஏறும்போது அவரவர் பையை எங்கே வைப்பது? இது நாங்கள் பலமுறை கேட்ட மறுப்பு. தளர்வான சாமான்களோடு ரோலர் கோஸ்டரில் ஏற விடமாட்டார்கள், அது சரிதான். தலைகீழாகச் சுழலும்போது ஒரு போத்தல் விழுந்தாலும் கீழே நிற்பவருக்கு ஆபத்து. அந்த ஐந்து பத்து நிமிடத்துக்குப் பையை வெளியே நிற்பவர் வாங்கி வைத்திருக்கலாம், தரையில் கால்களுக்கிடையில். இறங்கியதும் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் தவறு கொடுத்ததில் இல்லை, திருப்பி வாங்காததில்தான் இருந்தது. லாக்கர் இருந்தால் காசைப் பார்க்காமல் எடுங்கள். கோல்ட் கோஸ்ட்டுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே வெயிலும் கூட, ஒரு நாளல்ல மூன்று நான்கு நாள் தொடர்ந்து பூங்காக்களில் அலைவோம். விமானச் சீட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு லாக்கருக்குக் கணக்குப் பார்ப்பது எம்மவரின் தனிக்குணம்.

பிள்ளைகள் பையைத் தொலைத்துவிடுவார்கள் என்பது இன்னொரு மறுப்பு. தொலைக்கட்டுமே. உள்ளே இருப்பது ஒரு போத்தலும் தொப்பியும் வாழைப்பழமும். பெறுமதியான எதுவும் அதில் இல்லாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை.

வலி வந்தபின் என்ன செய்வது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் இதில் பலருக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது. இந்நாட்டில் 1974 முதல் நடைமுறையில் உள்ள ஏ.சி.சி. திட்டம் விபத்துக் காயங்களுக்கானது. ஊரிலிருந்து பார்க்க வந்தவர்களுக்கும், இங்கே நடந்த விபத்துக்கு அது உண்டு. பையைத் தூக்கிய அந்தக் கணத்தில் தோளில் சுரீரென்று இழுத்துப் பிடித்தால் அது காயமாகக் கணிக்கப்படலாம். ஆகவே எந்த நாள், எதைத் தூக்கும்போது வந்தது என்று வைத்தியரிடம் சரியாகச் சொல்ல வேண்டும். ஆனால் நாளாக நாளாக மெல்ல வந்த வலி, வேலையால் வந்ததாக இல்லாவிட்டால், பொதுவாக அதில் அடங்காது. நோயும் அடங்காது. எங்கள் அம்மாவுக்கு அடங்கவில்லை. விசிட்டர் விசாவில் வந்தவராகையால் வைத்தியருக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் முழுக் காசும் கையால்தான் கொடுத்தோம். பயணக் காப்புறுதிக்காரர்கள் ஏற்கனவே இருந்த நீரிழிவோடு தொடர்புடையது என்று விலகிக்கொண்டார்கள். அம்மா அப்பாவைக் கூப்பிடப் போகிறவர்கள் காப்புறுதிப் பத்திரத்தின் சின்ன எழுத்துகளை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பிசியோதெரபிஸ்டிடம் போக வைத்தியரின் கடிதம் தேவையில்லை, நேரே போகலாம். எதற்குப் போவது என்று தெரியாவிட்டால் ஹெல்த்லைனுக்கு, 0800 611 116, எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். ஓரிரு கிழமையில் குறையாத தோள்வலியை, கை உயராத நிலையை, விரல் விறைப்பை எண்ணெய் தேய்த்துச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். இடது தோளில் அல்லது கையில் வலியோடு மூச்சு முட்டலும் வியர்வையும் நெஞ்சு இறுக்கமும் வந்தால் அது பையின் வேலையாக இராது. உடனே 111 ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய நெஞ்சுவலி இல்லாமலும் வரலாம்.

ஏப்ரல் விடுமுறையில் மறுபடி போனோம். இம்முறை ஆறு பேருக்கும் ஆறு பை. போகுமுன் ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பார்த்தோம். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய விளையாட்டாகிவிட்டது. சின்னவளின் பை 700 கிராம். எங்கள் இருவரதும் மும்மூன்று கிலோ, நாங்கள் மாறி மாறிச் சவாரியில் ஏறினோம். அம்மாவுக்கு இடுப்பில் கட்டும் சின்னப் பை, உள்ளே அவருடைய குளிசைகளும் குளுக்கோஸும். 400 கிராம்தான் வர வேண்டும், 450 காட்டியது. திறந்து பார்த்தால் கடவுச்சீட்டு. அதை நாங்கள் எடுக்கவில்லை.

கையில் பாரம் இல்லாததால் அன்று அவர் சின்னவளோடு ஒரு சவாரியில் ஏறியும் பார்த்தார், மெதுவாகச் சுற்றும் ஒன்றில். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சியை, சுவரில் விரல்களை ஊன்றி மேலே மேலே ஏற்றுவதை, தினமும் செய்கிறார். எவ்வளவு உயரத்துக்குப் போகிறது என்று பேத்தி சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். கோடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகிறது. கொண்டையை மட்டும் இன்னும் அவள்தான் கட்டிவிடுகிறாள்.